வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த வாள்வீரன்

என் மனைவியின் தம்பி லண்டனிலிருந்து வரும்போது வழக்கமாகச் சொக்லேட்டும் வாசனைச் சவர்க்காரமும்தான் கொண்டுவருவார். இந்த முறை பருத்தித்துறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கம்பளியில் சுற்றிய, தட்டையான, வெறும் விசைப்பலகை போன்ற பழைய சாமான். அங்கே கராஜைத் துப்புரவாக்கச் சொல்லிக் கட்டளை பிறந்ததால், எறிய மனமில்லாமல் தூக்கி வந்திருந்தார். அறை மூலையில் கிடந்த எங்கள் தடித்த டிவிக்கு அதனால் மறுவாழ்வு கிடைத்தது.

விளையாட்டு, பாட்டுக் கசெட் மாதிரியே ஒரு கசெட்டில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரோடு பொருத்திய பழைய ரேடியோவில் ஓடவிட்டால், துருவலையைக் கல்லில் தீட்டுவதுபோலக் கத்தும். நாய் படலையைத் தாண்டி ஓடியது. கத்தி முடிந்ததும் திரையில் ஒரு வாள்வீரன் வந்து நின்றான். என்னைப் போலவே அரையில் ஒரு துண்டு. என்னைப் போல வயிறுதான் இல்லை. பூதங்களை வெட்டிக்கொண்டு போய், குகையில் இருக்கிற டிராகனைக் கொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மற்ற ஊர்ப் பொடியன்கள் இதை விளையாடிய காலத்தில் எங்கள் ஊரில் யுத்தம், கரண்டே இல்லை. நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். அதனாலோ என்னவோ, தலை நரைத்த மீன்வலைக் கடைக்காரனான எனக்கு அந்தச் சாமான்மேல் பேராசை பிடித்துவிட்டது. கேட்க வெட்கம். மச்சான் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"நான் லண்டனுக்கு வெளிக்கிடமுதல் டிராகனை விழுத்தினியள் எண்டால் மிஷின் உங்களுக்கு, அத்தான். இல்லாட்டி திரும்பக் கொண்டுபோயிடுவன்."

முதல் நாள்களில் டிராகனை நான் பார்க்கவே இல்லை. தொடக்கத்திலேயே ஒரு குழி. நான் அதில் விழுவதைப் பார்க்கவென்றே மச்சான் தேத்தண்ணியோடு வந்து உட்காருவார். பிறகு கை பழகியது. வீரனின் பலம் திரையின் மேலே ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். அடி வாங்கினால் தேயும். வழியில் கிடக்கிற பொரித்த கோழிக்காலை, ஒரு விசையை அழுத்தித் தின்றால் மளமளவென்று நீளும். அப்பிளும் உண்டு, அது பேருக்குக் கொஞ்சம் கூட்டும். வியாழக்கிழமை கோழிக்கால்களாகத் தின்று குகை வாசல்வரை போய்விட்டேன்.

மச்சான் வெளிக்கிடுகிற நாள் வெள்ளி. எங்கள் வீட்டில் வெள்ளியில் மீனும் இறைச்சியும் அடுப்பேறாது, எனக்கு விரதமும்கூட. பின்னேரம் அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வரும். காலையிலேயே முழுகி, திருநீறு பூசிக்கொண்டு டிவிக்கு முன்னால் இருந்தேன். பூதங்களைச் சாய்த்தபடி முதலாவது கோழிக்காலுக்குக் கிட்டப் போனபோது, பின்னால் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மனைவி சொன்னார்:

"இஞ்சருங்கோ, இண்டைக்கு வெள்ளி."

தின்பது நானல்ல, அவன் என்றேன்.

"அமத்திற விரல் ஆற்றை? அவன்ரையோ?"

அவன் வெள்ளைக்காரன், அவனுக்கு வெள்ளியென்ன சனியென்ன என்று மச்சான் எனக்காக வாதாடினார். தமக்கை ஒரு பார்வை பார்த்தார். லண்டன் குடிமகன் வெண்டிக்காய் வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

நான் பகுத்தறிவுள்ளவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் நெற்றியில் திருநீறு காயாத நிலையில் அந்த விசைக்கு விரல் போகவில்லை. காலையிலிருந்து பூதங்களைக் கண்டபடி வெட்டிக் குவித்ததற்கு யாரும் விரதத்தை நினைவூட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீரன் கோழிக்கால்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனான். அப்பிளில் உயிரைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் நுழைந்தான். சண்டையில் டிராகனும் களைத்துப்போனது. இன்னும் ஒரு வெட்டுத்தான். என் கோடோ மயிரிழை. காலடியில், பொன்னிறத்தில், ஒரு முழுக் கோழி. வெண்டிக்காய் வெட்டுகிற சத்தம் நின்றது. இருவரும் திரையைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார்கள்.

விரல் அசையவில்லை. டிராகன் நெருப்பு ஊதியது.

"பரவாயில்லை அத்தான், மோட்சம் எண்டாலும் கிடைக்கும்," என்றபடி மச்சான் மிஷினைக் கம்பளியில் சுற்றினார். பின்னேரம் அவருடைய மடியிலேயே அது வானேறிப் போனது.

அடுத்த நாள் மனைவிக்கு மனம் பொறுக்கவில்லை போலும். கோழி பொரித்து, இரண்டு காலையும் என் தட்டில் வைத்தார். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"இப்ப பலம் கூடிச்சுதோ?"

ஓம் என்றேன். கூடியது வயிறுதான். அதைக் காட்டச் சிவப்புக் கோடு தேவையில்லை.