செமோர் ஆலையில் கழுவிய குழாய்

ஈப்போவை அடுத்த செமோருக்கு வெளியே, ரப்பர் மரங்கள் வெட்டிய நிலத்தில் வந்த ஆலை அது. அங்கே ஒரு பெரிய அழுத்து இயந்திரத்துக்குப் புதிதாக ஹைட்ராலிக் குழாய் போட்டிருந்தார்கள். குழாய்களைப் பற்றவைத்தவன் என் பழைய கூட்டாளி. இயந்திரம் ஓடுவதற்கு முன் அவற்றின் உட்புறத்தைக் கழுவித் தருவது என் வேலை.

நான்கு நாள் சூடான எண்ணெயைச் சுற்றவிட்டேன். எடுத்த மாதிரியிலெல்லாம் இரும்புத்தூள் மினுங்கியது. பம்பு சிறியது, எண்ணெய் குழாய்க்குள் சோம்பலாக நகர்ந்ததே தவிர, சுவரில் ஒட்டியிருந்ததைப் பெயர்க்கவில்லை. கூடவே நைட்ரஜனையும் செலுத்தினால் இரண்டும் கலந்து கொந்தளித்து ஓடும், அழுக்கு கிளம்பும். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தேன். ஆலையின் இன்ஜினியர், என் மகள் வயதுப் பெண், ஒத்துக்கொள்ளவில்லை.

"எண்ணெய்ல காத்து கலந்தா பம்பு ரோசாக் ஆயிடும்லா அண்ணே. கெட்டுப்போச்சுன்னா வேற பம்புக்கு எங்க போறது?"

"பம்பத் தாண்டித்தான் மேடம் கேஸ் விடுவேன். பம்புக்குள்ள போவாது. டேங்கிக்கு வந்ததும் பிரிஞ்சிடும்."

"வேணாம். எண்ணெய் மட்டும் ஓட்டுங்க."

ஐந்தாம் நாளும் மாதிரி தேறவில்லை. அதன்பிறகுதான், எனக்கு உதவி செய்வதுபோல, "சரி, செஞ்சு பாருங்க" என்றார்.

வாயுவைத் திறந்ததும் குழாய்கள் உதறின. தொட்டியில் நுரை மூடிவரை பொங்கியது. வால்வைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து அடக்கினேன். அரை மணி நேரத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. திறந்தால் கரிய செதில், கடுகு மாதிரி வெல்டிங் உருண்டைகள். பார்த்தீர்களா என்று அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் செதிலுக்கிடையே மஞ்சள் ஸ்பாஞ்ச் துண்டுகளைக் கண்டேன். பற்றவைக்கும்போது தூசி போகாமலிருக்கக் குழாய் வாயில் திணிப்பது அது.

கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு சொன்னியே மச்சான்?"

"நீயும்தானே பாத்துட்டு சைன் போட்ட?"

போட்டிருந்தேன். ஒவ்வொரு வளைவாகப் பார்க்காமலே.

இன்ஜினியர் அந்தத் துண்டுகளைத் தாளில் வைத்துப் படம் எடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அந்த ஐந்து நாளைப் பற்றிக் கத்தியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

ஒரு வளைவை அறுத்தோம். மிச்ச ஸ்பாஞ்ச் அங்கேதான் சிக்கியிருந்தது. திரும்பப் பற்றவைத்து, வாயுவோடு மறுபடி கழுவி, கடைசியில் எண்ணெய் மட்டும் ஓட்டினேன். மேலும் இரண்டு நாள் ஆயிற்று. மாதிரி தெளிவாக வந்தது.

ஈப்போ திரும்பும்போது அவன் லோரியின் முன்னால் ஏறினான், நான் பின்னால் பம்போடு உட்கார்ந்துகொண்டேன்.