மருந்துக்குப் பின் ஒரு ஜெபம்

ஐம்பத்து நாலோ ஐந்தோ, வருடம் சரியாக நினைவில்லை. அப்போது நான் சிவகாசியில் ஆசிரியை. எங்கள் வீட்டு மாடியில் கொச்சியிலிருந்து வந்த யூத டாக்டர் ஒருவர் குடியிருந்தார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். வெள்ளி மாலை விளக்கேற்றினால், மறுநாள் இருட்டும்வரை தீக்குச்சி உரச மாட்டார். தீப்பெட்டி ஊரில் இப்படி ஒரு மனிதரா என்று தெருவே சிரிக்கும்.

நாங்களோ மருந்தே தொடாத ஜெபக்கூட்டத்தார். ஊசி போடுவது அவிசுவாசம் என்பார் என் கணவர். நானும் அப்படித்தான் நம்பினேன், இரண்டு வயது மகளுக்குச் சளி கட்டி மூச்சு இழுக்கும்வரை. மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், அவள் உதடு நீலம் பாரித்தது. கணவர் முழங்காலில் இருந்தார். நான் மாடிக்கு ஓடினேன்.

டாக்டர் பையோடு இறங்கி வந்தார். கணவர் எழுந்து வாசலை மறித்தார்.

"எதுக்கு டாக்டர் வந்தீக? ஆண்டவர் கையில ஒப்படைச்சாச்சு."

"சுகம் கொடுக்கிறது அவர்தான் சார். அதுக்காக நான் கையைக் கட்டிட்டு நிக்கலாமா?"

"வழி விடுங்க" என்றேன். கணவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் விலகிவிட்டார்.

டாக்டர் தீக்குச்சியை உரசி, ஸ்பிரிட் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்தார்.

"டாக்டர், இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே!"

"உயிர் போகும்போது சும்மா இருந்தாத்தான் பாவம், டீச்சர்."

பென்சிலின் போட்டதும் என் பெயரைக் கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு என்று நினைத்துச் சொன்னேன். அவரோ எருசலேம் இருக்கும் மேற்கே திரும்பிக் கண்களை மூடி, புரியாத மொழியில் ஏதோ முணுமுணுத்தார். நடுவே மகள் பெயரும் என் பெயரும் கேட்டன. நோயாளிக்காக ஜெபிக்கும்போது தாயின் பெயரையும் சேர்ப்பது அவர்கள் வழக்கமாம். எனக்குப் புரியவில்லை. ஊசி போதுமென்றால் ஜெபம் எதற்கு? ஜெபம் போதுமென்றால் ஊசி எதற்கு?

ஐந்து நாள் வந்து ஊசி போட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஞாயிறு கூட்டத்தில், ஜெபத்தால் மட்டுமே சுகம் கிடைத்தது என்று கணவர் சாட்சி சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமென்றும் இல்லையென்றும் சொல்ல வராமல் அழுதேன். அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு டாக்டர் தன் ஜனங்களோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டார். அவரிடம் கேட்டுத் தெளிந்திருக்கலாம், கேட்கவில்லை. என் பிள்ளையைச் சுகப்படுத்தியது எது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அவரைக் கூப்பிட்டதை அவிசுவாசம் என்று மட்டும் ஒருநாளும் என்னால் நினைக்க முடிந்ததில்லை.