பொட்டு வைத்த மைக்

இணையவழிப் பாடங்களுக்குக் குரல் கொடுக்கிறவர்களுக்கு முதல் எதிரி தொண்டைக்கட்டு இல்லை, தெரு. வீட்டிலேயே உட்கார்ந்து இந்தப் பிழைப்பு பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால், ஆமாம் என்று தலையாட்டுவார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு மாடி வீடு, ஜன்னலுக்கு நேர் கீழே தெரு. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, முதியோரைக் கவனித்துக்கொள்வது பற்றிய நாற்பது பாடங்களை நம்பி உட்கார்ந்தேன்.

பாலக்கரையில் வாங்கியது

முதல் நாலு பாடத்தை போனிலேயே பேசி அனுப்பினேன். ஆட்டோ ஹாரனும் எதிர்வீட்டு குக்கரும் சேர்ந்து பாடம் நடத்தின. பாலக்கரையில் மைக் விற்கிற பாயிடம் போய், தெருச் சத்தம் ஏறாத மைக் வேண்டும் என்றேன். மேடை மைக், சேலையில் குத்துகிற மைக் என்று எடுத்துப் போட்டவர், கடைசியில் மேசையில் நிறுத்துகிற ஒன்றைக் காட்டினார். முன்பக்கம் பேசினால் நன்றாகக் கேட்குமாம், பின்பக்கம் நடப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாதாம். பையில் போட்டுக் கொடுக்கும்போது சொன்னார்:

"எல்லாரும் சத்தம் கேக்கணும்னு மைக் வாங்க வருவாங்க. கேக்கக் கூடாதுன்னு வந்தது நீங்க ஒருத்தர்தாங்க."

ஆயுத பூஜை

மைக் வந்த பிறகு பத்துப் பாடம் ஒரு குறையும் இல்லாமல் போனது. அப்புறம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டர், மிக்ஸி, லேப்டாப் என்று ஒன்று விடாமல் துடைத்துப் பொட்டு வைத்தார். மைக்குக்கும் சந்தனம், குங்குமம். பூஜை முடிந்து அதை மேசையில் பழைய இடத்தில் நிறுத்தி, பொட்டை என் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தார்.

"முகத்தைப் பாத்துப் பேசு. தொழில் நல்லா நடக்கும்."

கோயம்புத்தூரிலிருந்து போன்

பாடங்களை வாங்கிக்கொள்வது ஒரு கோயம்புத்தூர் கம்பெனி. அங்கே திவ்யா என்கிற பெண்தான் எல்லாவற்றையும் கேட்டுப் பார்ப்பாள். பூஜைக்குப் பிறகு அனுப்பிய பாடமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்றாள். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். வேர்த்து ஊற்ற ஊற்ற, சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு மறுபடி பேசி அனுப்பினேன். ஒன்பது பாடம் ஆயிற்று, ஒன்றும் தேறவில்லை. இன்னும் ஒன்று இப்படி வந்தால் மீதியை மெஷின் குரலுக்குக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லைதான், ஆனாலும் சொன்னாளே:

"மேடம், உங்க குரலைவிட கீரைக்காரம்மா குரல் தெளிவா கேக்குதுங்க."

கீரைக்காரம்மா

அந்தக் கோபத்தில் படியிறங்கிப் போய், எங்கள் தெருவில் கொஞ்சம் மெதுவாகக் கூவக் கூடாதா என்று கேட்டேன். தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர் கூடையை இறக்கிக்கூட வைக்கவில்லை.

"உங்க பாடம் நாளைக்கும் இருக்கும்மா. என் கீரை இருக்குமா?"

மன்னார்புரத்தில் பரிசோதனை

கடைசியாக மைக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மன்னார்புரத்தில் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிற ஒருவர், வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள் என்றார். நான் பொட்டை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, படுக்கைப் புண்ணைப் பற்றி நாலு வரி பேசினேன். அவர் மைக்கை அரைச் சுற்று திருப்பினார். அந்தப் பக்கம் மைக் கம்பெனியின் முத்திரை இருந்தது; முத்திரை இருக்கிற பக்கம்தான் முன்பக்கமாம். அதை மறைக்க வேண்டாமே என்றுதான் எங்கள் வீட்டுக்காரர் மறுபக்கம் பொட்டு வைத்திருக்கிறார். ஆக, நான் ஒன்பது பாடத்தையும் அதன் முதுகில் பேசியிருக்கிறேன். அது முகத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு, கீரை வியாபாரத்தைப் பதிவு செய்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒலிப்பதிவுக்காரர் சொன்னார்:

"பொட்டு நல்லாத்தாங்க இருக்கு. வெச்ச இடம் முதுகு."

ஒன்பதையும் திருப்பிப் பேசினேன்

கஷாயம் இல்லை, கம்பளி இல்லை. கீரைக்காரம்மா வழக்கம்போலக் கூவிக்கொண்டு போனார். மூன்று நாளில் ஒன்பது பாடத்தையும் முடித்து அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் திவ்யா கூப்பிட்டாள். மீதிப் பாடங்களும் எனக்கேதான். மெஷின் பேச்சே எடுக்கவில்லை.

"மேடம், இத்தனை நாளா யார்கிட்டயோ பேசிட்டு இருந்தீங்க. இப்பதான் எங்ககிட்ட பேசுறீங்க."

பொட்டு இருக்கிற பக்கம்தான் முகம் என்கிற கணக்கு சாமிக்கும் சரி, மாமிக்கும் சரி, மைக்குக்கு மட்டும் சரிப்பட்டு வராது.