சாய்ச்சுட்டோம்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த வீடியோ கேம்ஸ் கடை இருந்தது. மொத்தம் ஐந்து மிஷின்கள். நான்கில் டிவி மாதிரி திரை. ஐந்தாவது பின்பால்: சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே இரும்புக் குண்டு. குண்டு கீழே விழுந்துவிடாமல் இரண்டு பக்கப் பொத்தான்களையும் அமுக்கினால் உள்ளே எழும் தட்டிகளால் அதை மேலே தட்டிவிட வேண்டும். மில் ஷிப்ட் முடிந்ததும் நான் போவேன். பட்டாளத்திலிருந்து லீவில் வரும் நாட்களில் மம்சாபுரத்து நண்பனும் சேர்ந்துகொள்வான். வலது பொத்தான் எனக்கு, இடது அவனுக்கு.

குண்டு விழப்போனால் அவன் மிஷினை இடுப்பால் ஓர் இடி இடிப்பான். விளக்கெல்லாம் அணைந்து, 'டில்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை மட்டும் சிவப்பாக எரியும். கடையே கைதட்டும். விளக்கம் சொன்னது பி.காம். படித்த நான்தான். "டில்ட்னா சாய்க்கிறது. மிஷினையே சாய்ச்சுட்டோம்!" முப்பத்தேழு முறை சாய்த்திருக்கிறோம். நான் எண்ணியிருக்கிறேன்.

செல்போன் வந்தபின் கடைக்கு ஆள் வரவில்லை. கடைக்காரர் இப்போது அதே இடத்தில் போன் உறை விற்கிறார்.

போன வருஷம் நண்பனுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார். அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அவிய பந்தத் தொடவே மாட்டேங்காவ. இப்படியே விட்டா கை வராதாம். செத்த வந்து சொல்லுங்க."

போனேன். "ஏலே, துப்பாக்கி பிடிச்ச கை இது. பச்சப்பிள்ள மாதிரி பந்த அமுக்கவா?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. மூன்றாம் நாள்தான் பொத்தான் ஞாபகம் வந்தது. பின்பால் மிஷின் என்ன ஆனதென்று கடைக்காரரிடம் விசாரித்தேன். விற்க மனசில்லாமல் வீட்டுப் பின்கட்டில் வைத்திருக்கிறாராம், ஓடுகிறதாம். நண்பனை ஆட்டோவில் கூட்டிப்போனேன். கரண்ட் போய்விடுமோ, படியில் தடுக்குவானோ என்று வழியெல்லாம் எனக்குப் பதைப்பு. நல்லவேளை, மூன்றே படி.

இடது கையை எடுத்துப் பொத்தான்மேல் வைத்துவிட்டேன். விரல் அசையவில்லை. ஆறு குண்டுகள் விழுந்தன. ஏழாவதற்கு அவன் கோபத்தில் இடுப்பால் இடித்தான். டில்ட்! பழைய பழக்கத்தில் கைதட்டினேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அது பரிசு இல்லீங்க, தண்டனை. மிஷினை இடிச்சா அந்தக் குண்டு போச்சுன்னு அர்த்தம். உங்க சந்தோஷத்தக் கெடுப்பானேன்னுதான் அப்ப சொல்லல."

"ஏலே பி.காமு!" என்றான் நண்பன். "முப்பத்தேழு குண்டையும் தோத்துட்டா கை தட்டுனோம்?"

"இன்னைக்கோட முப்பத்தெட்டு."

சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு இடுப்பை மிஷினிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டான். "இனி இடிக்காம ஆடுவோம்."

இடிக்காமல் ஆடினால் விரல்தான் வேலை செய்தாக வேண்டும். பத்தொன்பதாவது குண்டுக்கு இடது தட்டி பாதி எழுந்தது. குண்டு என்னவோ விழுந்துதான் போனது. மூவரும் அந்தத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாரம் இரண்டு நாள் போகிறோம். நேற்று இடது பொத்தானை அவன் அமுக்கியது அறுபத்தொரு தடவை. தட்டி ரப்பர் தேய்ந்துவிடுமோ என்று எனக்கு இப்போது புதுக் கவலை.

"குண்டு ஒன் பக்கம்தான் நெறைய விழுது" என்கிறான் அவன். "வலதப் பாருலே."