பற்றரிக்குப் போர்த்திய பொன்னாடை

பொன்னாடை என்றால் எனக்குப் பைத்தியம். வெள்ளவத்தையில் எந்தச் சங்கம் கூட்டம் வைத்தாலும் முன்வரிசையில் போய் இருந்துவிடுவேன். முடிவதற்குள் யாராவது ஒன்றைப் போர்த்திவிடுவார்கள். அலுமாரியில் பதினொன்று கிடந்தன. அதில் ஒன்றை நான் ஒரு பற்றரிக்குப் போர்த்திய கதை இது.

மொட்டைமாடியில் சோலார் தகடுகள் பூட்டியபோது, பற்றரியை வைக்க எங்கள் ஃபிளாட்டில் இடமில்லை. பல்கனியில் வைத்தால் கடல் உப்பு தின்றுவிடும். மிஞ்சியது சுவாமியறை. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே சுவரில் பற்றரி ஏறியது. அதன் தலைக்கு மேல் இன்வேர்ட்டர். பூட்ட வந்த சிங்களவர் இன்வேர்ட்டரின் காற்றுத் துளைகளைக் காட்டி, "வஹன்ன எபா" என்றார். மூடக்கூடாது என்று எனக்கும் விளங்கியது, மனைவிக்கும் விளங்கியது. மனைவி ஒரு சந்தனப் பொட்டோடு நிறுத்திக்கொண்டார். கும்பிட வந்தவர்கள் அதன் பச்சை விளக்கையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மெல்பேர்ணில் பேத்திக்கு அரங்கேற்றம் வந்தது. மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் விமானம் ஏற வழியில்லை. தன் கூறைச்சேலையை மட்டும் அனுப்பியிருந்தார். அதை வெட்டித் தைத்த உடையில்தான் பிள்ளை தில்லானா ஆடப்போகிறாள். நாற்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த சேலை மேடையேறுவதை நேரலையில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் திருத்த வேலை, கரண்ட் இராது என்று அறிவித்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கட்டடத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் வெளிச்சம். எல்லா வீட்டுக் கதவையும் தட்டி அழைத்தேன். பதினெட்டுப் பேர் வந்து ரீவியின் முன் நெருக்கியடித்து இருந்தார்கள்.

முதற்பாதி நன்றாகவே போனது. அங்கே இடைவேளை விட்டார்கள். பதினெட்டுப் பேர் சும்மா இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, சரிகை கூடிய பொன்னாடையாகப் பார்த்து எடுத்தேன். இன்றைய பிரதம விருந்தினர் இவர்தான் என்று அறிவித்து, இன்வேர்ட்டரின் தலையிலிருந்து பற்றரியின் கால்வரை போர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி கண்ணைக் காட்டினார். பேசச் சொல்கிறார் என்று நினைத்து அரைமணி நேரம் பேசினேன். நடுவில் இன்வேர்ட்டர் பெட்டி கீச் கீச் என்றது. ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரை விலகியது. சலங்கை கேட்டது. கால் தெரிவதற்குள் ரீவி அணைந்தது.

பொன்னாடையை உருவினேன். பெட்டி அடுப்பாகக் கொதித்தது. கைபேசியில் படம் வராமல் வட்டம் மட்டும் சுற்றியது. பிறகு பதினெட்டுப் பேரும் முறை வைத்து, பேப்பராலும் தட்டாலும் சேலைத் தலைப்பாலும் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே விசிறினார்கள். பச்சை விளக்கு திரும்பி வந்தபோது மெல்பேர்ண் மேடையில் ஆட்டம் முடிந்திருந்தது. யாரோ ஒரு பெரியவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

வெட்கமாக இருந்தது. 

சனம் கலைந்த பிறகு பேத்தி வீடியோ அழைப்பில் அதே ரீவியில் வந்தாள், முகத்தில் பூச்சு கலையாமல், அதே உடையில். "அம்மம்மா, தில்லானா எப்பிடி?" என்று கேட்டாள். மனைவி பொய் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை, அழுதுவிட்டார். நடந்ததை நான்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். கைபேசியை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு, மேடைக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய நடைவழியில், தானே ஜதி சொல்லி முதலிலிருந்து ஆடத் தொடங்கினாள்.

நானும் பார்க்கலாம் என்று கதிரையை இழுத்தேன். மனைவி ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் அங்கை நிண்டு விசிறுங்கோ."

சுவாமியறையில் நின்று விசிறினேன். சலங்கை மட்டும் கேட்டது.