மணி அடித்த பிறகு நடந்த பாடம்

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, கணிதத்தில் எம்.எஸ்ஸி. படிக்கக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் ரயிலில் போய்வந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதனால் எனக்கென்று ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். பேராசிரியர் வரும்வரை பெண்கள் அறையில் காத்திருந்து, அவர் பின்னாலேயே வகுப்புக்குள் நுழைய வேண்டும். மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியேற வேண்டும். நான் வாசலைத் தாண்டும்வரை பையன்கள் இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். ஊரில் எல்லோரும் இதை மெச்சினார்கள். ஆரம்பத்தில் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பட்டம் வாங்க ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அதற்கான கேள்வியைப் பேராசிரியர்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பார், கொடுப்பார் என்று இரண்டாம் வருஷம்வரை பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டேன். எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டதே என்றார். எப்போது என்றேன்.

"பாடம் முடிஞ்சப்புறம் போர்டுகிட்ட நின்னு பேசுவோமே, அப்பதாம்மா. நீதான் இருக்கறதில்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானா இருப்பதில்லை? மரியாதை என்று சொல்லித் தினமும் என்னை வெளியே அனுப்பியது யார்? முடிவிலாத் தொடர்களைப் பற்றி அவர் வகுப்பில் சொன்னதெல்லாம் அச்சுப் புத்தகத்தில் கிடைக்கிற சரக்கு. யாருக்கும் இன்னும் விடை தெரியாத கேள்விகளை, நான் பெண்கள் அறையில் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் முதல் மார்க் என்னுடையது. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. நான் எழாததால் பையன்களாலும் எழ முடியவில்லை. பேராசிரியர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நீ போகலாம் என்றார்.

"நானும் இருந்து கேட்டுட்டுப் போறேன் சார்."

சாக்பீஸை வைத்துவிட்டு அவரே வெளியே போய்விட்டார். கீரப்பாளையத்துப் பையன் ஒருவன், அவன் சாப்பாட்டில் நான் மண்ணை அள்ளிப் போட்டதுபோல முறைத்தான். முறைக்கட்டும் என்று நானும் அவனைத் திருப்பி முறைத்தேன்.

அடுத்த நாள் அனுமதி வந்தது. மணி அடித்த பிறகு நான் விரும்புகிற நேரம்வரை வகுப்பில் உட்காரலாமாம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தினமும் உட்கார்ந்தேன். பேராசிரியர் போர்டைத் துடைத்துவிட்டுப் போவார். பையன்கள் பின்னாலேயே போவார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அந்தப் பேச்சை ஆண்கள் விடுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்று.