கழகம் செய்த அம்மா

அம்மாவை நூறு நாள் வேலையிலிருந்து நிறுத்திவைத்த கடிதம் ஒற்றைப் பக்கம்தான். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான் என்பதால் நேராக என் கைக்கு வந்தது.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வாரும் வேலை. சித்திரை வெயில். குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. இரண்டு நாள் கேட்டுப் பார்த்த அம்மா, மூன்றாம் நாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பணித்தளப் பொறுப்பாளர் எழுதிய புகார் அந்தக் கடிதத்தில் இருந்தது: "கழகம் செய்தார்."

அவர் எழுத வந்தது கலகம். நடுவில் ழகரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் கலகம் என்றே வாசித்துக் காட்டினேன். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் யாரு வீட்டுலடா கலகம் மூட்டுனேன்? மாமியா மருமவளப் பிரிச்சு விட்டேனா?"

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். அதிகாரத்தை எதிர்த்து எழுவதும் கலகம்தான் என்று அகராதியைப் பார்த்துச் சொன்னேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புடின்னா சரி. அதச் செஞ்சேன்."

ஊராட்சி அலுவலகத்தில் விசாரணை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கடிதத்தை என்னிடம் நீட்டினார். "ஒங்கம்மா பண்ணுனதுதானே இதுல இருக்கு? என்னப்பா சொல்ற?"

"சார், இதுல கலகம்னு இல்ல. சிறப்பு ழ போட்டிருக்கு. கழகம்னா சங்கம். சங்கம் வக்கிறது குத்தமா சார்?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏக்கா, எந்தக் கழகம்? கொடி என்ன கலரு?"

"முன்னாடியே சொல்லியிருந்தா கரவேட்டி எடுத்திருப்பம்ல!"

அதிகாரியும் சிரித்துவிட்டார். பொறுப்பாளர் மட்டும், "அவசரத்துல எழுதுனது சார்," என்று முனகினார்.

எழுத்துப் பிழையைக் காட்டி ஜெயிக்க எனக்கு மனம் வரவில்லை. "பிழையத் திருத்திக்கலாம் சார். தண்ணி கேட்டதுக்கு என்ன வார்த்தை போடுவீங்க?" என்றேன்.

அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. என்னன்னு எழுதட்டும்?"

"கேட்டாங்கன்னு எழுதுங்க. குடுக்கலன்னும் எழுதுங்க."

அதிகாரி பழைய வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: "தொழிலாளர்கள் குடிநீர் கேட்டனர். வழங்கப்படவில்லை. வேலை தொடரலாம்." ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். பிழையே இல்லை.

திங்கட்கிழமை வாய்க்கால் கரையில் தண்ணீர் டிரம் வந்து நின்றது. பேர் வாசித்தபோது அம்மா போட்ட "இருக்கேன்!" அக்கரையில் மாடு மேய்த்தவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.